யார் பக்கத்தில் யார்: நெல்லைச் சீமைக் கோயில்கள் வழியே

வெள்ளி. பாளையங்கோட்டை

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, கிளம்பிவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது தரையில் இருக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யாரோடு யார் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள், செத்தபின் யாருக்குப் பக்கத்தில் யாரைப் புதைக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த ஊரில் வேதம் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பது விளங்கிவிடும்.

தொடங்க வேண்டிய இடம் பாப்பாத்தியம்மாள் கோயில். தஞ்சாவூர் மராத்தியப் பிராமண விதவை கோகிலா ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதைக் காரணம் காட்டி ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயரானது. 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள், பல சாதிக்காரர்கள். அவர் கட்டிய கோயில் 1785-இல் பிரதிஷ்டை ஆயிற்று. கட்டடம் சின்னது, பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஊர் வாயில் ‘நடத்தை சரியில்லாதவள்’ என்று பேர் வாங்கிய ஒரு பெண்ணின் கையிலிருந்துதான் இந்தச் சீமையின் சபை வரலாறே தொடங்குகிறது. இன்றைக்குப் பெண்களின் சேலைத் தலைப்பையும் கூந்தல் பூவையும் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகலாம்.

அடுத்து ஊசிக் கோபுரம் எனப்படும் தூய திரித்துவப் பேராலயம். ரேனியஸ் ஐயர் 1826-இல் கட்டியது. வார நாளில் வருகிறவர்களுக்கு ஒரு சங்கதி: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்கள் பல, ஆராதனை இல்லாத நேரம் பூட்டியிருக்கும். சாவி கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியாரிடம் இருக்கும், அவர் வீடு பெரும்பாலும் நடந்து போகிற தூரம்தான். சேகரகுருவை, அதாவது போதகரை, தேடி அலைய வேண்டாம், அவர் நாலைந்து ஊருக்குப் பொறுப்பு, வெளியே போயிருப்பார். காலை 10-க்கு மேல் 12-க்குள் கேட்டால் சாவி கிடைக்கும். மதியம் 1 முதல் 4 வரை யாரையும் எழுப்பக் கூடாது. செருப்பு வெளியேதான்.

சனி. டோனாவூர், வடக்கன்குளம்

டோனாவூர் களக்காட்டுக்கும் ஏர்வாடிக்கும் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தவர், 1951-இல் இங்கேயே இறந்தவர். 1901-இல் இந்துக் கோயிலுக்குப் பொட்டுக்கட்ட (தேவதாசியாக்க) வைத்திருந்த இடத்திலிருந்து தப்பி ஓடிவந்த ஏழு வயதுச் சிறுமியில் தொடங்கியது, பிள்ளைகளைக் காக்கும் இந்த வேலை. வளாகம் இன்றும் பெண்களும் பிள்ளைகளும் வாழும் வீடு. சுற்றுலாத் தலம் என்று நினைத்துக் காரில் நேரே உள்ளே போகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள், அதுதான் சரி. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. மிட்டாய்ப் பொட்டலம் வாங்கிப்போய் நேரே பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது, அலுவலகத்தில் கொடுத்தால் போதும்.

அவர் கல்லறையில் தலைக்கல் கிடையாது. வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மரத்தடியில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் ‘அம்மா’ என்று பொறித்திருக்கிறது. கல்லறைக்குப் பளபளக்கும் கிரானைட்டும், அதில் பட்டமும் பதவியும் பொறித்த எழுத்தும் போடுகிற இன்றைய வழக்கத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம்.

வடக்கன்குளத்துக்குக் காவல்கிணற்றில் இறங்கிக் கிழக்கே போக வேண்டும். திருக்குடும்ப ஆலயம் 1872-இல் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்த சாதிகளும், மற்றதில் நாடார்கள். ஒரு பக்கம் இருப்பவருக்கு மறுபக்கம் இருப்பவர் கண்ணில் படமாட்டார். பூசை வைக்கும் குரு மட்டும் இரண்டு பேருக்கும் தெரிவார். கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொன்னார்கள். நடுவில் இருந்த தடுப்பை 1910-இல் இயேசு சபைக் குரு கோசானல் இடித்தார். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது, சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலுக்குள் தனித்து உட்காரும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை.

உள்ளே போனால் பீடத்துக்கு முன் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். வாசலிலிருந்து பார்த்தால் இந்தக் கட்டடத்தின் நோக்கம் பிடிபடாது, பீடத்திலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். சாதிப் பிரிவினை பழக்கத்தில் மட்டும் இருந்திருந்தால் நாலு பிரசங்கத்தில் மாற்றிவிடலாம். இங்கே அதைச் சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்து, காணிக்கைப் பணத்தில், கொத்தனாருக்கு அளவு சொல்லிக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் மாற்றுவதற்குக் கடப்பாரை வேண்டியிருந்தது.

இதே ஊரில்தான் திருவிதாங்கூர் அரசு அலுவலர் நீலகண்டன் 1745 மே 14-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பக்கத்தில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் ரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் எடுத்துவிட்டது. அவர்மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதும் ஒன்று. புனிதராகிற நேரத்திலும் சாதிப் பெயர் வேண்டும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காற்றாடிமலைக்கு ஏறுகிறவர்கள் காலை 8 மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். ஆடி, ஆவணியில் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும், குடை விரிக்க முடியாது.

ஞாயிறு. மெய்ஞ்ஞானபுரம்

செம்மண் தேரிக்காட்டு நடுவே 192 அடிக் கோபுரம். தூய பவுலின் ஆலயம். ஜான் தாமஸ் ஐயர் 1830-களின் கடைசியில் வந்தபோது ஊர் பெயர் நெடுவிளை. பனையும் மணலும் தவிர ஒன்றும் கிடையாது. கட்டட வேலை 1844-இல் தொடங்கியது, கோபுரம் முடியப் பின்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இந்தப் பக்கத்துக் கோயில்களில் ஆராதனைக்கு அரை மணி முன்னால் முதல் மணி அடிக்கும். அப்போதே போய்விட்டால் இடம் கிடைக்கும். பல கோயில்களில் இன்னும் பாய்தான், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முட்டி வலிக்காரர்களுக்குச் சுவர் ஓரம் நாற்காலி போட்டிருப்பார்கள். பெண்கள் தலையில் முக்காடு இட்டுக்கொள்வார்கள். திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்க சி.எஸ்.ஐ.-யில் திடப்படுத்தல் என்ற சடங்கைப் பெற்றிருக்க வேண்டும், கத்தோலிக்கக் கோயிலில் கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் உட்கார்ந்திருக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தெரியாமல் வரிசையில் போய் நின்று கடைசி நிமிடத்தில் திரும்புவதுதான் சங்கடம்.

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாமாலை ஐரோப்பிய மெட்டு, நாலு அடிக்குக் கீபோர்டு பொருந்தும். கீர்த்தனை அப்படி இல்லை. ரூபக தாளத்துக் கீர்த்தனைக்கு நாலடி ரிதத்தை அழுத்திவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எழுத்து இழுபட்டு, மூன்றாவது வரிக்குள் சபை ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் போய்விடும். வாசிக்கிற பையன் சத்தத்தைக் கூட்டுவான். சபை வாயை மூடிக்கொள்ளும். ரிதத்தை நிறுத்திவிட்டுச் சுருதியை மட்டும் பிடித்துக் கொடுத்தால் பாட்டிகள் தாமாகவே தாளம் போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். திரையில் வரிகளைப் போடுகிறவர்கள் சரணத்தின் கடைசி வரி முடிவதற்கு ஒரு நொடி முன்னால் அடுத்த பக்கத்தை மாற்ற வேண்டும். முடிந்த பிறகு மாற்றினால் முதல் சொல்லைப் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மதியம் அசனம், ஊரே கூடிச் சாப்பிடும் சபை விருந்து. இந்தச் சீமையில் கிறிஸ்தவம் என்றால் என்ன என்று ஒரே நாளில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அசனத்துக்குத்தான் வர வேண்டும். பெரும்பாலும் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வரும். மும்பையிலும் சென்னையிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் லீவு போட்டுவிட்டு வருவார்கள்.

ஏற்பாடு மாதக்கணக்கில் நடக்கும். வீட்டுக்கு வீடு தலைக்கட்டு வரி எழுதுவார்கள். நேர்ச்சை ஆடுகள் தனி. இன்னொரு பக்கம் பிடி அரிசி: ஒவ்வொரு நாளும் உலை வைப்பதற்கு முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவரும் பழைய வழக்கம். ரேஷன் அரிசியும் கடைப் பொன்னியும் ஒரே சாக்கில் கலப்பதால் அதை அசனத்துக்கு வடிக்க முடியாது, ஒன்று வெந்து குழைந்தாலும் மற்றது வேகாது. அதனால் ஏலம் விட்டுப் பணமாக்கிவிடுவார்கள்.

சமையல் முந்தின நாள் இரவே தொடங்கிவிடும். 25 கிலோ அரிசிச் சிப்பத்துக்கு 200 பேர் என்பது கணக்கு, தூக்குவாளியோடு வருகிற ஊர் என்றால் 150 என்றே வைக்க வேண்டும். கறி ஆளுக்கு 100 கிராம் என்றால் தாராளம். உடைமர விறகு, பற்ற வைக்கப் பனைமட்டை. கிடாரத்தில் கறியை மஞ்சள், உப்போடு முதலில் வேகவிட்டு, முக்கால் பதம் வந்ததும் மசாலாவும் கத்தரிக்காய், வாழைக்காயும் போட வேண்டும். புளியை முதலிலேயே ஊற்றினால் காய் விறைத்துக்கொண்டு வேகாது. தேங்காய் அரைப்பு கடைசியில், ஒரு கொதி வந்ததும் விறகை இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும்.

சோறுதான் ஆபத்து. வடித்த சோற்றைப் பனை ஓலைப்பாயில் வெள்ளை வேட்டி விரித்துக் கொட்டுவார்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. ஆவி அடங்குவதற்குள் இறுக்கி மூடினால் நடுவில் வேர்த்து, மதியம் இரண்டு மணிக்கு நொச நொசவென்று ஒரு வாடை வரும். பிறகு அந்தக் குவியலையே தூக்கிக் கொட்ட வேண்டியதுதான். அனுபவமுள்ள தவசிப்பிள்ளை அரை மணிக்கு ஒருமுறை அகப்பையால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கிளறி, துணியை ஒரு பக்கம் தூக்கி வைப்பார்.

சேகரகுரு சோற்றுக் குவியலின் முன் நின்று ஜெபம் பண்ணியதும் முதல் பந்தி. இதில் பார்க்க வேண்டியது: இலை போடுகிற இடத்தில் யாருக்கும் இடம் ஒதுக்குவது இல்லை. வங்கி மேலாளர் பக்கத்தில் பனையேறி, அவர் பக்கத்தில் அடுத்த தெரு இந்துக் குடும்பம். ஊரில் மற்ற நாளில் நடக்காதது இந்த ஒரு மதியம் நடக்கிறது.

அதற்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பார்சல் வரிசை. வசதியானவர்கள் டிபன் கேரியரைக் கொடுத்தனுப்பி வாங்கிக்கொண்டு வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பந்தியில் போக்கிடம் இல்லாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பவுல் கொரிந்து சபையைக் கண்டித்தது அப்படியே இதைத்தான்: அவரவர் தன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட, ஒருவன் பசியாயிருக்க, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார், 1 கொரிந்தியர் 11. சில ஊர்களில் கமிட்டி இதற்கு நல்ல வழி கண்டிருக்கிறது. கடைசிப் பந்தி எழுந்த பிறகே பார்சல் ஜன்னலைத் திறப்பது, நோயாளிக்கும் முதியவருக்கும் மட்டும் முன்னதாகக் கொடுப்பது. முதல் வருஷம் சண்டை வரும். இரண்டாவது வருஷம் பழகிவிடும்.

பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வே. ச. அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910 எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர். பொருள் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், சமமாக மட்டும் பழகவில்லை என்பதே அவர் குறை. அசனம் நடக்கிற மண்ணில் வளர்ந்தவருக்கு அந்தக் குறை தெரியாமல் இருக்குமா.

திங்கள். முதலூர், நாசரேத்

முதலூர் 1799-இல் உண்டான குடியிருப்பு. சொந்த ஊரில் அடிபட்ட கிறிஸ்தவர்களுக்காக உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் உருவாக்கியது. இன்று ஊரைச் சொன்னால் மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வருகிறது. மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பால் எடுத்து, ஓரிரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கியதைத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவார்கள். நெய் கிடையாது, தேங்காய்ப் பாலே எண்ணெய் கக்கும். கக்கிய எண்ணெயை வடிக்காமல் இறக்கினால் சீக்கிரம் காறிப்போகும். வாங்கும்போது துண்டை அழுத்திப் பார்த்தால் திரும்பி எழ வேண்டும்.

நாசரேத்துக்கு நெல்லை–திருச்செந்தூர் ரயில் போகும். பள்ளி, மருத்துவமனை எல்லாம் மர்காசிஸ் ஐயர் காலத்தில் வளர்ந்தவை. இங்கே ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பதைக் கேட்டால் இன்னொரு கணக்கு விளங்கும். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்பார்கள். ஆண்டு முழுக்கக் கேட்டாலும் இரண்டு சாதிப் பெயர் சேர்ந்து வருவது அபூர்வம். பாயில் சேர்ந்து உட்கார நூறு வருஷம் ஆயிற்று, பந்தியில் சேர்ந்தாயிற்று, ஓலையில் இன்னும் சேரவில்லை. மணமகள் தேவை விளம்பரத்தில் சி.எஸ்.ஐ. என்ற எழுத்துக்கு அடுத்த சொல் எது என்று பார்த்தாலே போதும். கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் சபைகளும் கத்தோலிக்கப் பங்குகளும் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. இதைத் தலித் கிறிஸ்தவர்களிடம் கேட்டால் இன்னொன்றும் சொல்வார்கள்: 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆனால் பட்டியல் சாதிச் சலுகை இல்லை. சர்க்கார் காகிதத்தில் சாதி போய்விடுகிறது, சபைக்குள் போகவில்லை.

செவ்வாய். உவரி, மணப்பாடு

செவ்வாய் அந்தோணியார் நாள், அதனால் உவரியில் கூட்டம். 13 செவ்வாய் தொடர்ந்து வந்து வேண்டுகிறவர்கள் உண்டு. மொட்டை, காதுகுத்து, நேர்ச்சைச் சாப்பாடு எல்லாம் நடக்கும், வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். இதைப் பார்த்து முகம் சுளிக்கிற சீர்திருத்தச் சபைக்காரர்கள் தங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தை நினைத்துப் பார்க்கட்டும். அங்கே ஓர் எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போவதும் நேர்ச்சைதான். உவரியில் வியாழன், வெள்ளியில் வந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் உவரி என்னவென்று தெரிய வேண்டுமென்றால் செவ்வாய்தான் வர வேண்டும். கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயிலும் இங்கேதான்.

மணப்பாடு, குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், 1581-இல் கட்டியது. கடலைப் பார்த்த பக்கம் கீழே, 1542-இல் சவேரியார் தங்கிய குகை. அதற்கு முன் அங்கே ஒரு சைவத் துறவி இருந்தார் என்பார்கள். காலை 9-க்குள் ஏறிவிட வேண்டும். செருப்பைக் கழற்றிய பிறகு மணல் சுட்டால் ஓடவும் முடியாது. காற்றில் தொப்பி, துப்பட்டா பறந்துவிடும். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம், திருச்செந்தூரில் போட்டுக்கொள்வது உத்தமம். ஊருக்குள் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைந்து விற்கிறார்கள். குருத்தோலைப் பெட்டியை வாங்கினால் முதல் வாரம் நிழலில் வைத்து உலர்த்த வேண்டும், பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

புதன். தூத்துக்குடி

பனிமய மாதா பேராலயம். பரதவர்கள் 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற காலத்திலிருந்து இந்தக் கடற்கரையின் தாய் இவள்தான். மாதா சுரூபம் 1555-இல் வந்தது. பேராலயப் பட்டம் 1982-இல். மீன்பிடிக்கப் போகிறவன் கடலில் பெயர் சொல்வதும், புது வள்ளத்துக்குக் குருவை அழைத்து மந்திரிப்பதும், கல்யாணப் பத்திரிகையை முதலில் இங்கே கொண்டுவந்து வைப்பதும் ஒரே பழக்கத்தின் பல முகங்கள்.

கொடியேற்றம் ஜூலை 26, பெருவிழா ஆகஸ்ட் 5. தங்கத்தேர் 1806-இல் தொடங்கியது, ஆண்டுதோறும் ஓடாது. அதனால் தேருக்காகவே வருகிறவர்கள் அந்த ஆண்டு உண்டா என்று ஜூன் மாதமே பேராலய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்டு என்றால் ரயில் டிக்கெட் திறந்த அன்றே எடுத்துவிட வேண்டும், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் சேர்ந்துகொள்வார்கள். தேரன்று கடற்கரைச் சாலைப் பக்கம் கார் நுழையாது. வடம் பிடிக்க முன்னால் நிற்காமல் தேர் கடந்த பிறகு பின்னால் சேர்ந்து நடந்தால் மிதிபடாமல் தப்பலாம். மக்ரூன் வாங்குகிறவர்கள் கிளம்புகிற அன்று வாங்கிக் காற்றுப்புகாத டப்பாவில் வைக்கவும். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும்தான் அது, கடற்காற்று பட்டால் ஒரே இரவில் நமத்துவிடும்.